காந்தம் வைத்துக் கட்டில் பூட்டிய நாள்

கட்டில் இரண்டு தட்டையான அட்டைப் பெட்டிகளாக வந்து இறங்கியபோது என் மாமியார் வாசலில் நின்று பார்த்துவிட்டு, இது கட்டிலா கதவா என்று கேட்டார். பெட்டிகளைக் கொண்டுவந்தவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரவு ஷிப்ட் முடித்து வந்து, குளித்து, அப்போதுதான் கண் அசந்திருந்தேன். அதைவிட, மாமியாரின் கையில் துணிப்பை இருந்தது. ஊருக்குக் கிளம்பச் சில நாட்களாகவே அவர் அந்தப் பையைக் கட்டுவதும் என் மனைவி அவிழ்ப்பதுமாக இருந்தது.

அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். காடாம்புலியூர் அவருக்கு ஊர். மாமனார் இறந்த பிறகு அங்கே தனியாகத்தான் இருந்தார். முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகைக்கு வேலைக்குப் போவார். வீட்டுக்குப் பின்னால் சொந்தமாகவும் கொஞ்சம் முந்திரி மரங்கள் உண்டு. பொங்கல் கழிந்து ஒரு நாள் கொட்டகையிலேயே மயங்கி விழுந்துவிட்டார். பாண்டிச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இதயத்தின் துடிப்பு நடுநடுவே நின்றுவிடுகிறது என்று சொல்லி, இடது தோளுக்குக் கீழே தோலுக்கடியில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். தீப்பெட்டியைவிடச் சின்னதுதான். ஆனால் அத்தைக்கு ஒல்லியான உடம்பு என்பதால் புடைத்துக்கொண்டு தெரியும். அந்த இடத்தை எப்போதும் முந்தானையால் மூடிக்கொள்வார்.

மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது எங்களை உட்காரவைத்துப் பல விஷயங்கள் சொன்னார்கள். செல்போனை வலது காதில்தான் வைக்க வேண்டும். வெல்டிங் வைக்கிற இடத்துக்குப் போகக் கூடாது. பெரிய மோட்டார், ஜெனரேட்டர், காந்தம் இதற்கெல்லாம் பக்கத்தில் நிற்கக் கூடாது. நான் கவனமாகத்தான் கேட்டுக்கொண்டேன். சுரங்கத்தில் எனக்கு கன்வேயர் பெல்ட்டில் வேலை. பழுப்பு நிலக்கரி ஓடுகிற பெல்ட்டுக்கு மேலே ஒரு பெரிய காந்தம் தொங்கும். கரியோடு கலந்து வருகிற போல்ட்டும் இரும்புத் துண்டும் அதன் கீழே வந்ததும் துள்ளி எழுந்து போய் ஒட்டிக்கொள்ளும். காந்தம் என்று மருத்துவமனையில் சொன்னதும் என் கண்முன் வந்தது அதுதான். அந்தப் பக்கமே அத்தையைக் கூட்டிப்போகக் கூடாது என்று மனதில் குறித்துக்கொண்டேன். எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டிருந்த காந்தம் என் நினைவுக்கே வரவில்லை.

பாண்டிச்சேரியிலிருந்து நேராகச் சுரங்க நகரியத்தில் இருக்கும் எங்கள் குவார்ட்டர்ஸுக்குத்தான் கூட்டிவந்தோம். வெயில் காலம் முடிகிறவரை அம்மா இங்கேதான் என்பது என் மனைவியின் தீர்மானம். முந்திரி பூத்துக் கொட்டை விழத் தொடங்கிவிட்டது, யார் யாரோ பொறுக்கிக்கொண்டு போகிறார்கள், நான் போயாக வேண்டும் என்பது அத்தையின் கட்சி. தினமும் காலையில் அம்மாவும் பெண்ணும் இதற்காகவே சண்டை போடுவார்கள். இருவருமே குரல் உயர்த்த மாட்டார்கள். பாத்திரங்கள்தான் சத்தம் போடும். நான் பேப்பரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

கட்டில் வாங்கியதும் இந்தச் சண்டையின் ஒரு பகுதிதான். இடது கையைத் தரையில் ஊன்றி எழுந்திருக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் கட்டிலில் படுக்கச் சொன்னால், மாப்பிள்ளை படுக்கிற கட்டிலில் நான் எப்படிப் படுப்பது என்று அத்தை மறுத்துவிட்டார். பாயை விரித்துத் தரையில்தான் படுத்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் சொல்வார். அப்படிப்பட்டவரோடு ஒரே வீட்டில், மனைவி பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போன பிறகு, பகல் முழுவதும் இருப்பது எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

அன்று காலை மனைவி ஸ்கூட்டரை எடுக்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அம்மா இன்னைக்குக் கிளம்பிடும் போல இருக்கு. பஸ் ஏறாமப் பாத்துக்கங்க. அது உங்க பொறுப்பு."

அவள் போய்ச் சேர்ந்திருக்கமாட்டாள், கட்டில் வந்துவிட்டது. அத்தை பையோடு நிற்கிறார். மத்தியான பஸ்ஸுக்குப் போகிறேன் என்கிறார். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கத்தியை எடுத்துப் பெட்டியை அறுத்தேன். பலகைகளைக் கூடத்தில் பரப்பினேன். பிறகு, இதை ஒரு ஆளாகப் பிடிக்க முடியவில்லை, வலது கையால் மட்டும் கொஞ்சம் தாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். அத்தை பையைச் சுவரோரம் வைத்துவிட்டு வந்தார்.

கட்டில் பூட்டுவது படத்தில் எளிதாக இருந்தது. காலுக்கும் பக்கப் பலகைக்கும் உள்ள இணைப்பில்தான் சிக்கல். காலின் வெளிப்பக்கத்திலிருந்து நீளமான போல்ட் உள்ளே வரும். அதன் முனையைப் பிடித்துக்கொள்ள, பலகைக்குள் துளைத்திருக்கும் குழியில் ஒரு குட்டி உருளை நட்டு உட்கார வேண்டும். குழிக்குள் என் விரல் போகவில்லை. நட்டைப் போட்டால் புரண்டுகொள்ளும். போல்ட்டைத் திருகினால் அது நட்டைத் தொடாமல் வெறுமனே சுற்றும். பலகையைக் கவிழ்த்து நட்டை வெளியே கொட்டி, திரும்பப் போட்டு, திரும்பவும் அதே கதை. தூக்கம் வேறு கண்ணை எரித்தது. எனக்குள் எரிச்சல் ஏறுவதை அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பார்வை அவ்வப்போது சுவரோரம் இருந்த பைக்குப் போய்வந்தது.

அப்போதுதான் பிரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தை எடுத்துவந்தேன். என் மனைவியின் பழைய கம்ப்யூட்டர் கெட்டுப்போனபோது அதன் ஹார்டு டிஸ்க்கைப் பிரித்து நான் எடுத்து வைத்தது. மொச்சைக்கொட்டை மாதிரி வளைந்து, சின்னதாக இருக்கும். ஆனால் விரல் நடுவில் மாட்டினால் தோலைக் கவ்விவிடும். அதைப் பலகையின் வெளிப்பக்கம் வைத்து மெல்ல நகர்த்தினால், உள்ளே நட்டும் கூடவே புரண்டு நிமிர்ந்தது. போல்ட் சிக்கென்று பிடித்தது. ஸ்க்ரூ டிரைவரின் தண்டில் காந்தத்தை ஒட்டவைத்தால் நுனியில் ஸ்க்ரூ விழாமல் நிற்கும். குறுகலான மூலைக்குள் ஒரு கையாலேயே கொண்டுபோய் வைத்துவிடலாம்.

அத்தைக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. கொடுங்கள் பார்க்கலாம் என்று வாங்கினார். தரையில் சிதறியிருந்த ஸ்க்ரூக்களின் மேலாகக் காந்தத்தைக் கொண்டுபோனார். அவை எழுந்து வந்து கொத்தாக ஒட்டின. உதறிவிட்டு மறுபடியும் செய்தார். முந்திரித் தோட்டத்தில் கொட்டை பொறுக்க இப்படி ஒன்று இருந்தால் இடுப்பு ஒடியாதே என்றார். தரையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்ததை அவர் மறந்தே போயிருந்தார். ஒரு பக்கம் நான் நட்டைக் குழியில் போட, மறுபக்கம் அவர் காந்தத்தால் நிமிர்த்துவார். இரண்டு கால்கள் நின்றுவிட்டன. மத்தியான பஸ் போயிருக்கும் என்று நினைத்து மனதுக்குள் நான் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

நடுவில் எனக்கு ஒரு போன் வந்தது. கூட வேலை செய்கிறவர், அன்றைய ஷிப்டை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். அதற்குள் அத்தை தரையை ஒதுக்கி, அட்டைகளை அடுக்கி, சாமான்களை ஓரமாக வைத்திருந்தார். அடுத்தது தலைமாட்டுப் பலகை. அதற்குக் காந்தம் தேவைப்படவில்லை. அவர் பலகையைத் தாங்கிக்கொள்ள நான் திருகினேன்.

கொஞ்ச நேரத்தில் பலகை என் பக்கமாகச் சாய்ந்தது. நன்றாகப் பிடியுங்கள் என்று சொல்லி நிமிர்ந்தேன். அத்தையின் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. மின்விசிறி தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. பலகையை வாங்கிக் கீழே போட்டேன்.

"என்னாச்சு அத்தை?"

"ஒண்ணுமில்ல மாப்ள. நீங்க வேலையப் பாருங்க."

சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். கண்ணை மூடினார். கழுத்து நரம்பு வேகமாக எகிறுவதை என்னால் பார்க்க முடிந்தது. தண்ணீர் கொடுத்தேன். பாதி சேலையில் சிந்தியது. மணிக்கட்டைக் கொடுங்கள் என்றேன். தயங்கித்தான் நீட்டினார். வேலையிடத்தில் முதலுதவிப் பயிற்சி எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். நாடி துடிதுடி என்று ஓடியது. சும்மா உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு அப்படி ஓடக் கூடாது. நான் வேலை வாங்கியதால் பேஸ்மேக்கரிலிருந்து இதயத்துக்குப் போகிற கம்பி ஏதாவது விலகிவிட்டதோ என்று பயந்தேன்.

"எப்பிடி இருக்கு, சொல்லுங்க அத்தை. மறைக்காதீங்க."

"யாரோ உள்ளார உக்காந்துகினு குத்துறாப்ல இருக்குது. நிறுத்தாமக் குத்துறான்."

மனைவிக்குப் போன் செய்தேன். வகுப்பில் இருந்தால் எடுக்கமாட்டாள். எடுக்கவில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மாவைக் கூப்பிட ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. திரும்பி வந்து நகரிய மருத்துவமனைக்குப் பேசினேன். பேஸ்மேக்கர் வைத்தவர் என்றதும் அந்தப் பக்கத்துக் குரல் மாறிவிட்டது. பிளாக்கையும் வீட்டு எண்ணையும் கேட்டுக்கொண்டு, ஆம்புலன்ஸ் வருகிறது, நோயாளியை நடக்க விடாதீர்கள் என்றார்கள்.

காத்திருக்கிற அந்த நேரம்தான் கொடுமை. அத்தையின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. நான் அவர் பக்கத்தில் உட்காருவதா, வாசலில் போய் நிற்பதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன். காலில் ஏதோ குத்தியது. ஸ்க்ரூ. தலைமாட்டுப் பலகையைக் கீழே போட்டபோது அத்தை ஒதுக்கி வைத்திருந்த ஸ்க்ரூ பொட்டலம் சரிந்து, வாசலுக்குப் போகிற வழியெல்லாம் ஸ்க்ரூவாகக் கிடந்தது. ஸ்ட்ரெச்சர் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இதில் கால் வைத்துச் சறுக்கினால் என்ன ஆவது? பலகைகளைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தேன். குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினால் நேரமாகும். காந்தத்தைத் தேடினேன். ஸ்க்ரூ டிரைவரில் இல்லை. பிரிட்ஜில் இல்லை. அட்டைக்கு அடியிலும் இல்லை.

"அத்தை, அந்தக் காந்தத்தப் பாத்தீங்களா?"

அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "தொலைஞ்சிடப் போவுதுன்னு பர்ஸுல போட்டு வெச்சிகினேன்."

"பர்ஸ் எங்க?"

அவர் கை மெல்ல எழுந்து, இடது பக்கம் முந்தானையின் மேல் போய் நின்றது.

எனக்கு ஒரு நொடி எதுவும் புரியவில்லை. பிறகு பெல்ட்டுக்கு மேலே தொங்கும் அந்தக் காந்தமும், துள்ளி எழுகிற போல்ட்டுகளும், மருத்துவமனையில் எங்களை உட்காரவைத்துச் சொன்னதும் எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் இறங்கின. வீட்டுச் சாவி போட்டு வைக்கிற சின்னத் துணிப் பர்ஸ் அவரிடம் உண்டு. அதை ரவிக்கைக்குள் செருகி வைத்திருப்பார் என்று எனக்கும் தெரியும். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத விஷயம் அது.

"அத்தை, அத உடனே வெளிய எடுங்க. அதனாலதான் இப்பிடி அடிக்குது. எடுத்துத் தூரப் போடுங்க."

சொல்லிவிட்டுச் சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். எனக்குப் பின்னால் துணி சரசரத்தது. மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. காலண்டரில் இருந்த முருகன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். மறுபடியும் சரசரப்பு. அவர் பெருமூச்சு விட்டது அழுகை மாதிரி இருந்தது.

"ஊக்கு போட்டு வெச்சிருக்கேன் மாப்ள. சாவியும் காந்தமும் அதையே புடிச்சிகினு இருக்குது. ஊக்கத் தொறக்க முடியல."

பர்ஸ் விழுந்துவிடாமல் இருக்க அதை ரவிக்கையோடு சேர்த்து ஊக்குப் போட்டிருக்கிறார். நான் திரும்பவில்லை. வெளியே பார்த்தேன். ஆம்புலன்ஸ் சத்தம் இல்லை. தெருவில் ஒரு பெண்பிள்ளைகூட இல்லை. இன்னொரு தடவை முயற்சி பண்ணுங்கள் என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

"எடுப்பா," என்றார் அத்தை. "நீயே எடு."

அவர் என்னை ஒருமையில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. திரும்பினேன். மண்டியிட்டேன். முந்தானையின் மேலாகவே பர்ஸின் சுருக்குக் கயிறு நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சேலையோடு சேர்த்துப் பற்றி ஒரே இழுப்பாக இழுத்தேன். துணி கிழிகிற சத்தம் கேட்டது. பர்ஸ், ஊக்கு, ரவிக்கையின் ஒரு கிழிசல் எல்லாம் என் கையோடு வந்தன. அப்படியே அறைக்கு அந்தப் பக்கம் வீசினேன். அது போய் இரும்பு பீரோவில் டமாரென்று மோதி, கீழே விழாமல் அதிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

அத்தை கண்ணை அகலத் திறந்தார்.

"நின்னுடுச்சு," என்றார்.

அந்த ஒரு சொல்லில் என் உயிரே போய்விட்டது. நின்றுவிட்டதா? பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். விரலுக்கடியில் எதுவும் கிடைக்கவில்லை. இடம் மாற்றி அழுத்தினேன். கிடைத்தது. மெதுவாக, ஒரே சீராக, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. நின்றது உள்ளே இருந்து குத்தியவன்தான். நான் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அத்தை முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றி மூடிக்கொண்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. வாசலில் வண்டி வந்து நிற்கிறவரை வழியில் கிடந்த ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். டியூட்டியில் இருந்தது இளவயது டாக்டரம்மா. நடந்ததைச் சொன்னேன். காந்தம் பக்கத்தில் வந்தால் அந்தக் கருவி தன் வழக்கமான வேலையை விட்டுவிட்டு ஒரே வேகத்தில் அடிக்க ஆரம்பித்துவிடும், எடுத்துவிட்டால் பழையபடி ஆகிவிடும், கருவி கெட்டுப்போகாது என்று விளக்கினார். இருந்தாலும் அன்று முழுக்க அங்கேயே வைத்துப் பார்க்கலாம் என்றார். இவ்வளவு கேட்ட பிறகும் கட்டிலுக்கு மேலே ஓடிய பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் மனைவி கழுத்தில் பள்ளி அடையாள அட்டையோடு ஓடிவந்தாள். அம்மாவைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் எதுவும் சொல்வதற்கு முன்பே படுக்கையிலிருந்து குரல் வந்தது.

"அவர ஒண்ணும் கேக்காத. நான்தான் எடுத்து வெச்சிகினேன்."

எங்கே வைத்தாய் என்று மனைவி கேட்டாள். அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எப்படி வெளியே வந்தது என்று என்னைக் கேட்டாள். நான் ஈ.சி.ஜி. இயந்திரத்தைப் பார்த்தேன். அவள் குனிந்து, அம்மாவின் தோளை மூடியிருந்த சேலையை விலக்கினாள். கிழிந்த ரவிக்கை தெரிந்தது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் கருவியைச் சோதிக்கப் பாண்டிச்சேரிக்குப் போனோம். அங்கே இருந்தவர் அத்தையைப் படுக்கவைத்து, ஒயர்களை மாட்டி, மேஜையிலிருந்து வளையம் போல ஒன்றை எடுத்தார். என்ன அது என்று கேட்டேன். காந்தம் என்றார். அதை வைத்துத்தான் பேட்டரி எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்களாம். நான் என்னை அறியாமல் எழுந்து அவர் கைக்குக் குறுக்கே போய் நின்றுவிட்டேன். அவர் திடுக்கிட்டுப் பின்வாங்கினார். என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அத்தைதான் சொன்னார். "வைக்கட்டும் மாப்ள. எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

காந்தத்தை வைத்தார்கள். திரையில் கோடுகள் நெருங்கின. அத்தை கண்ணை மூடாமல் மேலே பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். எடுத்ததும் கோடுகள் விலகின. எல்லாம் சரியாக இருக்கிறது என்றார் அந்த மனிதர். எனக்கு முதுகெல்லாம் நனைந்திருந்தது.

அங்கேயே அத்தை டாக்டரிடம் நேராகக் கேட்டுவிட்டார், நான் என் வீட்டுக்குப் போகலாமா, முந்திரி பொறுக்கலாமா என்று. பாரம் தூக்காமல், இடது கையை ஓங்காமல் எதுவும் செய்யலாம் என்று பதில் வந்தது. என் மனைவி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். திரும்பி வந்து நகரியத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, கட்டிலையும் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் அனுப்பமாட்டேன் என்றாள். அத்தை அதற்கு ஒத்துக்கொண்டார்.

பாதி பூட்டிய கட்டிலைத் திரும்பவும் பலகை பலகையாகப் பிரித்தேன். ஒரு குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு காடாம்புலியூருக்குப் போனோம். காந்தத்தை எடுத்துவரவில்லை. நட்டை நிமிர்த்த என் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். குச்சியின் நுனியில் செல்லோடேப்பைச் சுற்றி, அதில் நட்டை ஒட்டிக் குழிக்குள் இறக்கினாள். அவள் விரல்கள் மெல்லியவை. ஆனால் அதிகாரம் அதிகம். இப்படிப் பிடி, அப்படித் திருகு என்று என்னைப் பாடாய்ப் படுத்தினாள். அத்தை வீட்டுக்கு வெளியே முந்திரிப் பழத்தைத் திருகிக் கொட்டையைத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுப் பெண்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. காந்தத்தைப் பற்றியா என்று காதைத் தீட்டிக்கொண்டேன். இல்லை, ஆம்புலன்ஸில் போன கதை.

இப்போதெல்லாம் காலையில் அவரிடமிருந்து போன் வருகிறது. முன்பு மகளிடம் மட்டும் பேசுவார். இப்போது அவரிடம் கொடு என்று என்னையும் கேட்கிறார். பெரும்பாலும் நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். எப்போதாவது நடுவில் ஒரு 'ப்பா' வந்துவிடும். வந்ததும் இருவரும் கொஞ்சம் தடுமாறுவோம். பிறகு வேறு பேச்சுக்குப் போவோம். கட்டில் கால்மாட்டுப் பக்கம் கிரீச்சென்று சத்தம் போடுகிறதாம், திருகாணி தளர்ந்திருக்கும் போல, வந்து முடுக்கிவிட்டுப் போங்கள் என்று நேற்றுச் சொன்னார். அடுத்த ஓய்வு நாளில் போக வேண்டும்.